காட்டுப்பன்றி அடித்த அடி யார் கணக்கில்?

வீட்டில் டோட்டா 2 ஆடும் பிள்ளைகள் இருந்தால் இந்த வாரக் கட்டுரையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஐந்து பேராக இரண்டு அணிகள் மோதும் கணினி விளையாட்டு அது. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2013 ஜூலையில் அதை முறைப்படி வெளியிட்டது. அதற்கு அடுத்த மாதமே சியாட்டில் நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியில் நம் நாட்டின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பிடித்தது. 2018 நவம்பரில் கோலாலம்பூர் மேஜர் போட்டியின் இறுதி ஆட்டங்கள் புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் நடந்தன. அங்கே இரண்டாம் இடத்துக்கு வந்த டீம் சீக்ரெட் அணியிலும் ஒரு மலேசியர் ஆடினார். ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. இதில் பணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அணியில் இடம் கிடைக்குமா என்ற கவலையும் இருக்கிறது.

நான் எழுத வந்தது ஆட்டம் முடிந்த பிறகு வரும் கணக்கைப் பற்றி.

டோட்டாவில் ஒரு சண்டை நடக்கும்போது கண் பார்ப்பது கொஞ்சம்தான். பத்து வீரர்கள் ஒரே இடத்தில் குவிந்து, மந்திரமும் கோடரியும் பறந்து, ஆறேழு நொடியில் நான்கு பேர் விழுந்திருப்பார்கள். யார் யாரை எவ்வளவு அடித்தார்கள் என்று கேட்டால், ஆடியவர்களுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் விளையாட்டு அதை எழுதி வைக்கிறது. அடித்தது யார், வாங்கியது யார், எந்த ஆயுதம் அல்லது வித்தை, எத்தனை புள்ளி குறைந்தது, எந்த நொடியில் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு வரி. சிகிச்சை கொடுத்தால் ஒரு வரி, பொருள் வாங்கினால் ஒரு வரி, செத்தால் ஒரு வரி. இதற்குப் பெயர் காம்பேட் லாக்; தமிழில் சண்டைப் பதிவு எனலாம். ஒரே ஆட்டத்தில் இப்படிப் பல ஆயிரம் வரிகள் சேர்ந்துவிடும். ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க உதவும் ரீப்ளே கோப்புக்குள் இவை அடங்கியிருக்கும்.

கோப்பைத் திறந்து பார்த்தால் நமக்கு ஒன்றும் புரியாது. இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பெயர்களைக்கூட அதில் முழுதாக எழுதுவதில்லை. பெயர்கள் தனிப் பட்டியலில் இருக்கும். வரிகளில் அந்தப் பட்டியலின் வரிசை எண் மட்டும் வரும். இதைப் பிரித்துப் படித்து, பெயரைப் பொருத்தி, கூட்டிக் கழித்துக் கொடுக்கும் வேலையைச் சில நிரல் தொகுப்புகள் செய்கின்றன. புரோகிராமர்கள் அவற்றை லைப்ரரி என்பார்கள். புத்தகம் இரவல் தரும் நூலகம் இல்லை இது. ஒருவர் எழுதி வைத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மாவு மில்லில் அரைத்து வாங்கி வந்து வீட்டில் இடியப்பம் பிழிவது மாதிரி. மாவில் மணல் இருந்தால் எல்லார் வீட்டு இடியப்பத்திலும் மணல்.

சுங்கை பூலோவில் எங்கள் தாமானில் ஐந்து பையன்கள் ஓர் அணியாக ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவன் கல்லூரியில் கணினி படிக்கிறான். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு லைப்ரரியை எடுத்து, அதன்மேல் தன் பங்குக்குப் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினான். ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேயை அதில் போட்டால் ஓர் அட்டவணை வரும். எதிரணி வீரர்களை யார் எவ்வளவு அடித்தார்கள் என்று ஐந்து பெயர், ஐந்து எண். அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். முதலில் கேலிக்காகப் போட்டார்கள். பிறகு அதுவே மதிப்பெண் பட்டியல் ஆகிவிட்டது.

ஒருவன் மட்டும் வாரா வாரம் கடைசியில் நின்றான். அவன் அதிகம் எடுப்பது பீஸ்ட்மாஸ்டர் என்ற பாத்திரத்தை. காட்டுப்பன்றியையும் பருந்தையும் வரவழைத்துச் சண்டைக்கு ஏவுகிற வேட்டைக்காரன் அது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்று வரவிருந்தது; அதற்குள் அவனை மாற்றிவிடலாமா என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மாமாக் கடையில் என்னைப் பார்த்தபோது அவன் கேட்ட கேள்வி இதுதான்: "அங்கிள், நான் அடிச்சது கம்மின்னா சரி, ஒத்துக்கிறேன். என் பன்றி அடிச்சதெல்லாம் எங்கே போச்சு?"

நல்ல கேள்வி. சண்டைப் பதிவின் ஒவ்வோர் அடி வரியிலும் அடித்தவர் பக்கத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. நேரடியாக அடித்த உருவம் எது என்பது ஒன்று. அந்த அடி யாருடைய கணக்கில் சேரவேண்டும் என்பது மற்றொன்று. கோடரியால் தானே அடித்தால் இரண்டிலும் பீஸ்ட்மாஸ்டர். பன்றி அடித்தால் முதல் இடத்தில் பன்றி, இரண்டாம் இடத்தில் அதன் எசமான். நிரல் முதல் இடத்தை மட்டும் படித்தது. பன்றி என்ற பெயரில் அணியில் யாரும் இல்லை. ஆகவே அந்த வரிகளை ஓசைப்படாமல் ஒதுக்கிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அட்டவணையும் அழகாகத்தான் வந்தது.

கணக்குப் போடும் நிரல்களிடம் நான் பயப்படுவது இதற்காகத்தான். நின்றுபோகும் நிரலால் பெரிய ஆபத்து இல்லை, உடனே எல்லாரும் கவனிப்பார்கள். தப்பான எண்ணைத் தைரியமாகக் காட்டும் நிரலை யாரும் சந்தேகிப்பதில்லை. எண்ணுக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை அப்படி. மனிதன் சொன்னால் எதிர்த்துப் பேசுவோம், கணினி சொன்னால் தலையாட்டுவோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நிரலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது ஒரு வழி. எழுதியவனுக்கே தன் நிரல் சரியாகத்தான் தோன்றும் என்பதால் அது பாதி வழிதான். பையன்கள் செய்தது வேறு. தனி அறை ஆட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். எதிரி வீரன் ஒருவனை அசையாமல் நிற்க வைத்தார்கள். பீஸ்ட்மாஸ்டர் கையால் 5 அடி, பன்றியால் 12 அடி. நின்றவனின் உயிர்ப்புள்ளி எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கழித்தால் கணக்கு ஒத்து வராது, ஏனென்றால் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே அது தானாக மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். அதனால் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சண்டைப் பதிவுச் சாளரத்தைப் பார்த்து ஒவ்வோர் அடியையும் நோட்டில் எழுதிக் கூட்டினார்கள். பிறகு ரீப்ளேயை நிரலில் போட்டார்கள். வந்த விடை 5 அடி. இருக்கவேண்டியது 17.

இதுதான் சோதனை. கேள்வியும் நமக்குத் தெரியும், விடையும் நமக்கு முன்பே தெரியும். நிரலுக்கு மட்டும் தெரியாது. நிரலைத் திருத்தினான் தம்பி, 17 வந்தது. பலர் இந்த இடத்தில் கைகழுவி விடுவார்கள். அந்த ரீப்ளேயையும், "இதற்கு 17 வரவேண்டும்" என்ற ஒரு வரியையும் நிரலோடு சேர்த்து வைத்துவிட்டால், நாளைக்கு நிரலில் எந்த மூலையைத் தொட்டாலும் கணினியே இதை மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். 17 வராவிட்டால் சிவப்பு விளக்கு. மனிதன் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. தானியங்கிச் சோதனை என்கிற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

ஒன்றைச் சோதித்ததும் அடுத்ததைச் சோதிக்க ஆசை வந்தது. டோட்டாவில் மாயப் பிரதிகள் உண்டு. ஒரு வீரன் தன்னைப் போலவே போலி உருவங்களை உண்டாக்கி எதிரியைக் குழப்புவான். அந்தப் போலி, அசலைவிட அதிக அடி வாங்கும். அசலை அடித்து 50 புள்ளி எடுக்கும் இடத்தில் போலியை அடித்தால் அதைவிடப் பெரிய எண் பதிவாகும். பதிவில் அடி வாங்கியது போலியா அசலா என்று குறிப்பும் இருக்கிறது. நிரல் அதைப் பார்க்கவில்லை; போலியை அடித்ததையெல்லாம் எதிரணி வீரனை அடித்ததாகச் சேர்த்திருந்தது. திருத்தியபோது முதலிடத்தில் இருந்தவன் மூன்றாமிடத்துக்கு இறங்கினான். அவன் வேறு யாருமில்லை, நிரலை எழுதிய தம்பியேதான். வேண்டுமென்று செய்ததில்லை, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் பெயர் மேலே இருக்கும்போது யாருக்கும் சோதிக்கத் தோன்றாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கேள்வி கேட்டவன் கடைசியில் நின்றவன். பழைய ஆட்டங்களை மறுபடி கணக்கிட்டார்கள். பீஸ்ட்மாஸ்டர் தம்பி இப்போதும் அணியில் இருக்கிறான்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன, வரிகளில் வரிசை எண்தான் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? பட்டியலைச் சுழியத்திலிருந்து எண்ணவேண்டிய இடத்தில் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டால், ஒவ்வொருவர் அடியும் பக்கத்துப் பெயருக்குப் போய்விடும். மொத்தத்தைக் கூட்டினால் ஒரு புள்ளிகூடக் குறையாது. மொத்தம் சரியா என்று மட்டும் பார்க்கும் சோதனை பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

இங்கே சுங்கை பூலோவில் இருப்பவர்களுக்கு இதை ரப்பரை வைத்தே விளக்கிவிடலாம். எம்.ஆர்.டி. ரயிலில் குவாசா டாமன்சாரா பக்கம் போகும்போது இன்று கட்டடங்களைப் பார்க்கிறோமே, அது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகத்தை உலகத்துக்குக் கொடுத்த கழகம் அது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வெட்டுக்காரர் கொண்டுவந்த பாலை நிறுப்பார்கள். அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். கிராணி பெயருக்கு நேரே எழுதுவார். ஒட்டுப்பால் தனிக் கணக்கு. ஒருநாள் இரண்டு பேருடைய எடை பெயர் மாறி எழுதப்பட்டால் ஸ்டோருக்குப் போன மொத்தப் பாலில் மாற்றம் இல்லை. நிர்வாகத்தின் கணக்கு ஒத்துப்போகும். குறைவது ஒருத்தியின் சம்பளம் மட்டும். மொத்தத்தைச் சரிபார்ப்பவருக்கு அது கண்ணிலேயே படாது. தன் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்ப்பவருக்குத்தான் படும்.

சண்டைப் பதிவு லைப்ரரிக்குச் சோதனை எழுதுகிறவர் இந்த இரண்டையும் வைக்கவேண்டும்: மொத்தமும் ஒத்துப்போக வேண்டும், ஆள் ஆளாகவும் ஒத்துப்போக வேண்டும். அதோடு, விடை தெரியாமலே செய்யக்கூடிய சோதனைகளும் சில இருக்கின்றன. பதிவை ஒரே மூச்சில் படித்தால் வரும் எண்ணும், இரண்டு துண்டாகப் படித்துக் கூட்டினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். இருவர் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் விடையிலும் அந்த இருவர் மட்டும் இடம் மாறவேண்டும். இணைப்பு அறுந்து பாதியில் நின்ற பதிவைக் கொடுத்தால் நிரல் 0 என்று எழுதக்கூடாது, "முழுமையில்லை" என்று சொல்லவேண்டும். 0 வேறு, தெரியவில்லை என்பது வேறு. கணக்குப் புத்தகத்தில் இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

சோதனையைக் கணினியே ஓட்டும் பழக்கம் புதிதல்ல. 1997-இல் கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவர் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் உட்கார்ந்து ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியை எழுதத் தொடங்கினார்கள். இன்று ஏறக்குறைய எல்லா நிரல் மொழிகளுக்கும் அதைப் போன்ற ஒன்று இருக்கிறது. அவர்கள் பழக்கிய எளிய வழக்கத்தால்தான் அது பரவியது: எல்லாம் சரியென்றால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு.

டோட்டா உலகத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டோட்டாபஃப் என்ற புள்ளிவிவர நிறுவனத்தார் ரீப்ளே படிக்கும் லைப்ரரிகளைக் கோ மொழியில் எழுதி, மூல நிரலை எவரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். முதலாவது யாஷா, அடுத்தது மான்டா. இரண்டும் டோட்டாவில் வரும் ஆயுதங்களின் பெயர்கள். ஆட்டத்துக்குள் யாஷாவை வாங்கி அதன்மேல் சேர்த்துத்தான் மான்டாவைச் செய்யமுடியும். மான்டாவின் வேலையோ மாயப் பிரதிகளை உண்டாக்குவது. போலியையும் அசலையும் பிரித்தறிய வேண்டிய லைப்ரரிக்கு அந்தப் பெயரை வைத்தவர் நகைச்சுவை தெரிந்தவராக இருக்கவேண்டும்.

மான்டாவின் சோதனைக் கோப்பில் கற்பனை ஆட்டங்களைவிட நிஜ ஆட்டங்களே முக்கியம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் எண், அதிலிருந்து எத்தனை நிகழ்வுகள் கிடைக்கவேண்டும் என்ற எண்ணிக்கைகள். லைப்ரரியில் யாராவது ஒரு வரியை மாற்றினால் இந்த ஆட்டங்கள் எல்லாம் மறுபடி படிக்கப்பட்டு எண்ணிக்கைகள் ஒப்பிடப்படும். பல காலத்து ஆட்டங்களை ஏன் சேர்த்து வைக்கவேண்டும்? வால்வ் நிறுவனம் விளையாட்டை அடிக்கடி மாற்றுகிறது, கோப்பின் அமைப்பும் அதோடு நகர்கிறது. 2015 செப்டம்பரில் டோட்டா முழுவதும் சோர்ஸ் 2 என்ற புதிய எஞ்சினுக்கு மாறியபோது யாஷா படித்த பழைய அமைப்பு போய்விட்டது. மான்டா பிறந்ததே அதற்காகத்தான்.

இந்த முறையில் எனக்கு ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. எதிர்பார்க்கும் எண் எங்கிருந்து வந்தது? பெரிய ஆட்டத்தில் பல ஆயிரம் வரிகளைக் கையால் எண்ண யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே பலரும் செய்வது, இன்றைக்கு லைப்ரரி என்ன எண் கொடுக்கிறதோ அதையே "சரியான விடை" என்று எழுதி வைப்பது. உலகம் முழுவதும் இருக்கும் வழக்கம்தான், பயனுள்ளதும்கூட. நேற்றைக்கும் இன்றைக்கும் ஏதாவது மாறியதா என்பதை அது காட்டும். ஆனால் நேற்றே தவறாக இருந்தால் அந்தத் தவறைப் பத்திரமாகப் பாதுகாக்கும் காவல்காரனாகவும் ஆகிவிடும். எங்கள் தாமான் பையன்கள் பன்றியைச் சேர்க்காத எண்ணை அப்படி எழுதி வைத்திருந்தால், பிறகு ஒருவன் நிரலைச் சரியாகத் திருத்தியவுடன் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். திருத்தியவனே பயந்து பழையபடி மாற்றியிருப்பான்.

தராசைத் தராசாலேயே சோதிக்க முடியாது. எடைக்கல் வேறு இடத்திலிருந்து வரவேண்டும். அதனால் சிறியதாக இருந்தாலும் மனிதன் கையால் எண்ணிய ஆட்டங்கள் சில கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. பையன்கள் ஐந்து வைத்திருக்கிறார்கள்: பன்றி ஒன்று, மாயப் பிரதி ஒன்று, சிகிச்சை ஒன்று, விஷம் போல நேரம் எடுத்து மெல்லக் கொல்லும் அடி ஒன்று, பாதியில் அறுந்த ஆட்டம் ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்தான். பெரிய ஆட்டங்களுக்குப் பழைய எண்ணோடு ஒப்பிடும் முறையே போதும்.

சோதித்தும் கோட்டைவிட்ட கதை ஒன்று விண்வெளித் துறையில் இருக்கிறது. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஆரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பி ஏறக்குறைய 37 நொடியில் திசைமாறி வெடித்தது. திசையைக் கணிக்கும் மென்பொருள் ஆரியான் 4-இல் வெற்றிகரமாகப் பறந்தது. அதையே புதிய ராக்கெட்டிலும் வைத்தார்கள். ஆரியான் 5 வேகமாக ஏறியது. ஒரு பெரிய எண்ணை, அதிகபட்சம் 32,767 வரைதான் கொள்ளும் சின்னப் பெட்டிக்குள் அடைக்க மென்பொருள் முயன்று தோற்றது. புதிய ராக்கெட் போகும் பாதையின் எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியைச் சோதிக்கவே இல்லை என்று விசாரணைக் குழு கண்டது. விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்த பிறகும் போன வருட ரீப்ளேக்களை மட்டும் ஓட்டிப் பச்சை விளக்கைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். விஷயம் சின்னது, தப்பின் சாதி ஒன்றுதான்.

எல்லாக் குறையும் லைப்ரரியுடையதும் இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று 2004-இல் வந்த இன்னொரு விளையாட்டு. அதில் சில பூசாரிப் பாத்திரங்களின் வேலை காயத்தை ஆற்றுவது இல்லை. அடி விழுமுன்பே நண்பன்மேல் கவசம் போட்டு அடியைத் தாங்குவது. தொடக்ககாலப் பதிவுகளில் இவ்வளவு அடி தடுக்கப்பட்டது என்று இருக்கும். தடுத்த கவசம் யார் போட்டது என்று தெளிவாக இருக்காது. எண்ணும் கருவிகள் ஊகித்துத்தான் பங்கு பிரித்தன. காயத்தை ஆற்றியவர் பட்டியலில் மேலே இருந்தார், காயமே படாமல் காத்தவர் கீழே இருந்தார். இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை சோதனை எழுதினாலும் பதிவில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. அட்டவணைக்குக் கீழே "இது கணக்கில் இல்லை" என்று ஒரு வரி போடலாம். அந்த ஒரு வரியைப் போடும் நிரலை நான் அதிகம் நம்புவேன்.

நம் பங்குக்கு நாம் மட்டுமே எழுதக்கூடிய சோதனை ஒன்றும் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். "புலி" என்று ஒருவன் பெயர் வைத்தால் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடு முறையில் அது நான்கு குறியீடு: ப, உகரக் கொம்பு, ல, இகரக் கொம்பு. கோப்பில் அது பிடிக்கும் இடம் 12 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று பழகிய நிரலர், அட்டவணையில் இடம் போதவில்லை என்று பெயரை 10 பைட்டில் வெட்டினால், கடைசி இகரக் கொம்பு பாதியில் அறுந்து, "புல" என்பதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். நிரல் கண்டிப்பானதாக இருந்தால் பெயரைப் படிக்க முடியவில்லை என்று முழு ஆட்டத்தையுமே தள்ளிவிடும். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்தச் சோதனை தோன்றாது, அவர் குற்றமில்லை. திறந்த மூல லைப்ரரிகளுக்கு யார் வேண்டுமானாலும் சோதனை எழுதி அனுப்பலாம். நிரலையே தொடவேண்டியதில்லை, ஒரு தமிழ்ப் பெயரும் அதற்கு வரவேண்டிய விடையும் போதும். எங்கள் தாமான் தம்பி அதைத்தான் இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறான். பெயரில் ஸ்ரீ, க்ஷ, ஔ மூன்றும் வரும்படி ஒரு வார்த்தை கேட்டான். மூன்றும் சேர்ந்த வார்த்தை எனக்குச் சிக்கவில்லை. வாசகர்கள் அனுப்பினால் அவனிடம் கொடுக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுத் தாங்களும் சோதனை எழுத நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ரீப்ளேக்கள் வால்வ் சர்வரில் நிரந்தரமாக இருப்பதில்லை, சில நாளில் போய்விடும். கையால் எண்ணிய ஆட்டமானால் அன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். எண்ணி எழுதிய நோட்டுப் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து சிவப்பு விளக்கு எரியும்போது, 17 என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள்.